ஆமைக்கடையின் மூன்றாவது நாற்காலி

ஜூன் 12, வியாழன்

கணக்குத் தேர்வில் முப்பத்தெட்டு. விடைத்தாளைக் கவிழ்த்து என் மேசையில் வைத்தார் ஆசிரியர், பிணத்தின் முகத்தை மூடுகிற மரியாதையோடு. இன்றைய மோசமான செய்திகளில் அது இரண்டாவது.

முதலாவது: கமெமாருவில் அந்த ஆள் உட்கார்ந்திருந்தார்.

பிப்ரவரியில் அம்மாவும் அவரும் நகராட்சி அலுவலகத்துக்குப் போய் முத்திரை குத்திப் பிரிந்தார்கள். விவாகம் ரத்தானதோடு விருந்தும் ரத்து. நான் பிறந்த நாளிலிருந்து வெள்ளி இரவு என்றால் தெருமுனைச் சாப்பாட்டுக்கடை கமெமாருதான். சுட்ட மீன், கோழி வறுவல், மிசோ சூப், சோறு. அதற்குப் பிறகு ஒருமுறைகூடப் போகவில்லை. அம்மாவிடம் கேட்டால் மருந்துக்கடையில் சரக்கு எண்ணணும், தலைவலி, மழை. சோறு என்றால் சோர்வு என்கிறாள்.

இன்று முப்பத்தெட்டு மதிப்பெண்ணைக் காட்டி, ஆறுதலுக்குக் கோழி வறுவல் வேண்டும் என்று அழுதேன் (நடிப்பு). அம்மா நாட்காட்டியைப் பார்த்தாள். "சரி, இன்னைக்கு வியாழன்தானே" என்றாள். வியாழனுக்கும் கோழிக்கும் என்ன சம்பந்தம் என்று நான் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும்.

அம்மா உதட்டுச்சாயம் போட்டுக்கொண்டாள். இதை எழுதும்போதே பற்றிக்கொண்டு வருகிறது. முனைக் கடைக்குப் போக உதட்டுச்சாயம். வாசல் துணியை விலக்கினாள், கதவை ஒரு சாண் இழுத்தாள், நின்றாள். அவள் கைக்குக் கீழே குனிந்து நானும் பார்த்தேன். கல்லாவிலிருந்து மூன்றாவது நாற்காலி. ஏர்கண்டிஷனர் மாட்டுகிற கம்பெனியின் சாம்பல் சட்டை. வெயிலில் கறுத்த பிடரி. தட்டின் ஓரத்தில் தள்ளி வைத்த மஞ்சள் முள்ளங்கி ஊறுகாய். அவருக்கு அது பிடிக்காது. அது எப்போதும் என் தட்டுக்கு வரும்.

அம்மா சத்தமே இல்லாமல் கதவைச் சாத்தினாள். வீட்டுக்கு வந்து கடையில் வாங்கிய சோற்று உருண்டை தின்றோம், அவள் நின்றுகொண்டே.

"அது நம்ம கடை" என்றேன்.

"அவருக்கும் அதுதான் கடை" என்றாள்.

ஆற்றுக்கு அந்தப் பக்கம் குடிபோன மனிதருக்கு அந்தப் பக்கம் கடையே இல்லையா? அமாகசாகி ஊர் முழுக்க மீன் சுடுகிறார்கள்.

'அப்பா' என்ற சொல்லுக்கு இந்த நோட்டில் இன்று முதல் தடை. இனி அவர் மூன்றாவது நாற்காலி.


ஜூன் 13, வெள்ளி

இரவு உணவு: கோபம். தொட்டுக்கொள்ள நூடுல்ஸ்.


ஜூன் 17, செவ்வாய்

தீர்மானம்: மூன்றாவது நாற்காலியைக் கடையை விட்டு விரட்டுவது. அம்மா உதட்டுச்சாயத்தோடு உள்ளே போய் உட்காருவது. போர் தொடங்கியது.

எதிரியின் கோட்டையைப் பற்றி: கமெமாருவின் பெயர்ப்பலகையில் ஒரு ஆமை உண்டு. கடைக்காரர் இவாசே-சானை எல்லோரும் 'தைஷோ' என்பார்கள், தளபதி மாதிரி. அவரும் ஆமைதான். மூன்று ஆமை வளர்க்கிறார்: பேசாமை, சிரிக்காமை, தலையிடாமை. மீனைத் திருப்புவார், மறுபடி திருப்புவார், அவ்வளவுதான். பேச்செல்லாம் அவர் மனைவி ஃபுசாயே அத்தையின் இலாகா.

நான் பிறந்தபோது அந்த மூன்றாவது நாற்காலியில் உட்கார்ந்துதான் எனக்குச் சிஸுரு என்று பெயர் வைத்தாராம் அந்த ஆள். ஆயிரம் கொக்கு என்று அர்த்தம். ஆமை இருக்கிற இடத்தில் கொக்கும் இருந்தால் மங்களம் என்று. அதனால் அந்தக் கடையில் எனக்குப் பெயர் கொக்கு.

இன்று ரகசியத் தாக்குதல் எண் ஒன்று. மூக்கைப் பிடித்துக்கொண்டு கடைக்குப் போன் செய்து, ஒசாகா காப்பீட்டுக் கம்பெனியிலிருந்து பேசுவதாகவும், இந்த மாதம் எல்லா மாலையும் கல்லாவோர நாற்காலிகள் எட்டும் எங்களுக்கே வேண்டும் என்றும் சொன்னேன்.

எடுத்தது ஃபுசாயே அத்தை. "சளியா கண்ணு? இஞ்சி போட்டு ஏதாவது குடி" என்றாள்.

மாட்டிக்கொண்ட பிறகு மூக்கு எதற்கு? விட்டுவிட்டுக் கேட்டேன், அந்த ஆளை ஏன் உள்ளே விடுகிறீர்கள் என்று. வாசல்ல துணி தொங்கினா கடை, கடைன்னா யாரும் வரலாம், நீயும் வரலாம், உங்கம்மாவும் வரலாம் என்றாள். அவர் தினமும் வருகிறாரா என்றேன். தினமும் வருகிறார், சமைக்கத் தெரியாத ஆம்பிளை வேற என்ன செய்யும் என்றாள்.

தினமும். வெள்ளி மட்டுமில்லை. எங்களுக்கு ஒரு கிழமைகூட மிச்சம் வைக்கவில்லை.


ஜூன் 20, வெள்ளி

தாக்குதல் எண் இரண்டு. இதை விவரமாக எழுத வேண்டும், வரலாற்றுக்காக.

கடைக்கதவில் ஒரு மரப்பலகை தொங்கும். ஒரு பக்கம் 'திறந்திருக்கிறது'. மறுபக்கம் 'இன்னும் தயாராகிறது'. அந்த ஆள் வரும் நேரத்துக்குக் கொஞ்சம் முன்னால் போய்ப் பலகையைத் திருப்பிவிட்டு, எதிரே குளிர்பான இயந்திரத்துக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன். தூறல்.

முதலில் வந்தவர் டாக்ஸி ஓட்டும் கோண்டா-சான். பலகையைப் படித்தார். குடையை விரித்துக்கொண்டு ஓரமாக நின்றார். அடுத்து முடிவெட்டும் கடைக் கணவன் மனைவி. படித்தார்கள், கோண்டாவுக்குத் தலை குனிந்து வணக்கம் வைத்தார்கள், பின்னால் நின்றார்கள். அதற்குப் பிறகு மூன்றாவது நாற்காலி, கருவிப் பெட்டியும் கையுமாக. படித்தார், நின்றார்.

இதுவரை திட்டப்படி. ஆனால் அவர்கள் போகவேயில்லை. உள்ளே விளக்கு எரிகிறது. மீன் சுடும் வாசம் தெருவையே தூக்குகிறது. டிவியில் பேஸ்பால் கூட்டம் கத்துவது எனக்கே கேட்கிறது. வாசல் துணி தொங்குகிறது! ஒருத்தராவது கதவைத் தட்டி, ஐயா கடை உண்டா என்று கேட்க வேண்டுமே? மாட்டார்கள். பலகை சொல்லிவிட்டது. தயாராகிறவரைப் போய்த் தொந்தரவு செய்வதா? வரிசை மட்டும் வளர்ந்தது. உள்ளே தைஷோ, சுட்ட மீனோடு, இன்று ஏன் ஒரு ஈ காக்கா வரவில்லை என்று நின்றிருக்கிறார். தொந்தரவு செய்யக்கூடாது என்று அவரும் எட்டிப் பார்க்கவில்லை போலிருக்கிறது.

கடைசியில் மழை விட்டதா என்று பார்க்க ஃபுசாயே அத்தை கதவைத் திறந்தாள். ஊரே நனைந்துகொண்டு நிற்கிறது. ஒருவருக்கொருவர் தலை குனிந்தார்கள், காத்திருந்ததற்கு இவர்கள் மன்னிப்பு, காக்க வைத்ததற்கு அவள் மன்னிப்பு. மூன்றாவது நாற்காலி எல்லோரையும் முன்னால் விட்டுவிட்டுக் கடைசியாக நின்றார். அதுவரை தன் குடையைக் குடையில்லாத யாரோ ஒரு கிழவருக்குப் பிடித்துக்கொண்டிருந்தார். எவ்வளவு பொறுமை! வீட்டில் ஒரு நாள் இப்படி நின்றிருந்தால் — ஒரு நாள், அம்மா பேசி முடிக்கிறவரை —

கோண்டா பார்த்துவிட்டார். "ஏ கொக்கு, அங்க ஒத்தக்கால்ல என்ன மீன் புடிக்கிற?"

எல்லோரும் திரும்பினார்கள். அவரும். என்னைப் பார்த்தார். நான் ஓடிவிட்டேன்.

கூப்பிட்டிருந்தாலும் நின்றிருக்க மாட்டேன்.


ஜூன் 21, சனி

ஆனால் கூப்பிடவில்லை. மூன்றே எழுத்து. அவரே வைத்த பெயர்.


ஜூன் 25, புதன்

வகுப்பில் யோசனை கேட்டேன் (பெயர் சொல்லாமல்). ஒருத்தன் சொல்கிறான், அந்தக் கடையின் சோயா சாஸ் புட்டி வாயை நக்கி வீடியோ போடு, ஒரே நாளில் கடை காலி. அவன் தலையில் பென்சில் பெட்டியால் ஒன்று வைத்தேன். எனக்கும் தொழில் தர்மம் என்று ஒன்று உண்டு. ஆளை விரட்ட வேண்டும், கடையை அல்ல. இந்த வித்தியாசம் தெரியாதவன் குறும்பு செய்ய லாயக்கில்லை.

அம்மா இன்றும் நின்றுகொண்டே சாப்பிட்டாள். குளிர்பதனப் பெட்டியின் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு, அதன் வெளிச்சத்தில். கேட்டால் ஜில்லென்று இருக்கிறதாம்.


ஜூலை 4, வெள்ளி

எழுத்து கோணலாக வந்தால் வரட்டும்.

ஒளிந்து விளையாடியது போதும், நேராக உள்ளே போய் இரண்டாவது நாற்காலியில் உட்கார்ந்து சத்தமாகக் கோழி வறுவல் கேட்பது, அவர் முகத்தில் அறைந்த மாதிரி. அதுதான் திட்டம். அம்மாவுக்குத் தெரியாது. வீட்டுச் செருப்போடு போனேன்.

கமெமாருவில் ஒரு வழக்கம். வருடக்கணக்கில் வருகிறவர்களுக்குக் கடையிலேயே அவரவர் சோற்றுக்கிண்ணம் இருக்கும். வீட்டில் ஆளுக்கொரு கிண்ணம் இருக்கிற மாதிரிதான். அடுப்புக்குப் பக்கத்து அலமாரியில் வரிசையாக. எங்களுக்கு மூன்று. அவருடையது நீல அலை, அம்மாவுடையது சிவப்புப் பிளம் பூ, என்னுடையது வெள்ளையில் கொக்கு. மூன்றும் ஒட்டி ஒட்டி இருக்கும். பிறந்ததிலிருந்து பார்த்த காட்சி.

இன்று பார்த்தேன். பிளம் பூ இல்லை. கொக்கு இல்லை. அந்த இடத்தில் யாரோ ஒருவரின் மூங்கில் படம் போட்ட கிண்ணம்.

நீல அலை எங்கே? அவர் கையில். அதில் சோறு தின்றுகொண்டிருந்தார்.

எங்களைத் துடைத்துவிட்டார்கள். அவரை வைத்துக்கொண்டு எங்களைத் துடைத்துவிட்டார்கள். நான் உட்காரவே இல்லை. அலமாரியைப் பார்த்துக்கொண்டே நின்றேன். ஃபுசாயே அத்தை ஏதோ சொன்னாள். அவர் என்னைப் பார்த்தார், கிண்ணத்தை வைத்தார், எழுந்தார். என் பேரைச் சொல்லவில்லை, உட்காரு என்று சொல்லவில்லை, தானே எழுந்து வாசலுக்குப் போகிறார். எனக்கு இடம் விடுகிறாராம். பலகையைப் பார்த்து வரிசையில் நிற்கிற ஆள்!

ஷிகாவுல, அம்மா ஊர்ல, தாத்தா செத்தப்போ பார்த்திருக்கேன். சவப்பெட்டி வாசலைத் தாண்டுறப்போ பெரியம்மா அவரோட சோத்துக்கிண்ணத்தை எடுத்து வந்து வாசப்படியில போட்டு உடைச்சா. இனிமே உனக்கு இங்க சோறு இல்ல, திரும்பி வராதேன்னு. கல்யாணமாகிப் போற பொண்ணுக்கும் அந்தப் பக்கம் அப்படித்தான் செய்வாங்களாம். எனக்கு அதுதான் ஞாபகத்துக்கு வந்துச்சு. வேற எதுவுமே வரல.

நீல அலையை எடுத்தேன். அடியில் நாலைந்து சோறு ஒட்டியிருந்தது. அவர் கால் வாசலைத் தாண்டியதும், பின்னாலேயே கல்லில் ஓங்கிப் போட்டேன்.

"திரும்பி வராதீங்க."

டிவியில் யாரோ ஒருத்தன் நல்ல அடி அடித்திருக்கிறான், கூட்டம் கத்துகிறது. எதற்கும் கிண்டல் செய்கிற கோண்டா வாயைத் திறந்தபடி இருந்தார். அது செத்தவனுக்குச் செய்கிற காரியம் என்று எல்லோருக்கும் தெரியும். எனக்கும் தெரியும்.

அவர் திரும்பினார். உடைந்ததைப் பார்த்தார். பிறகு என் காலைப் பார்த்தார். ஐந்து மாதத்தில் என்னிடம் பேசிய முதல் வார்த்தை:

"நகராதே. வெறும் செருப்பு போட்டிருக்க."

குனிந்து உட்கார்ந்து என் காலைச் சுற்றி இருந்த சில்லுகளைக் கையால் பொறுக்கினார். ஒவ்வொன்றாக. தைஷோ துடைப்பத்தோடு வந்ததும் அவருக்குத் தலை குனிந்தார், போய்விட்டார்.

திட்டியிருக்கலாமே! ஒரு அறை கொடுத்திருக்கலாமே! மனுஷன் என்றால் கோபம் வராதா?


ஜூலை 5, சனி

நேற்று ராத்திரியே ஃபுசாயே அத்தை அம்மாவுக்குப் போன் செய்துவிட்டாள்.

அம்மா இன்று என் பள்ளிச் சேர்க்கைக்குப் போட்டுக்கொண்ட கருநீலக் கோட்டைப் போட்டாள். ரயிலடியில் மன்னிப்புக்கான இனிப்புப் பெட்டி வாங்கினாள். இந்தப் பெட்டிக்கு ஒரு கணக்கு உண்டு, குற்றம் பெரிதாக ஆகப் பெட்டி கனமாகும். நான் தூக்கிக்கொண்டு வந்தேன். கை வலித்தது.

கடை திறக்கும் முன் போனோம். தைஷோ முள்ளங்கி சீவிக்கொண்டிருந்தார். அம்மா இடுப்பிலிருந்து வளைந்து குனிந்தாள், ஒரு கையால் என் பிடரியையும் அழுத்தினாள். வளர்ப்புச் சரியில்லை, மன்னிக்க வேண்டும், கிண்ணத்துக்கு என்ன ஈடு என்று தரையைப் பார்த்துச் சொன்னாள். நானும் தரையைப் பார்த்தேன். மூலையில் ஒரு நீலச் சில்லு கிடந்தது.

சீவுகிற சத்தம் நின்றது. ஆமை தலையை நீட்டியது.

"கிண்ணம் ஒண்ணு போச்சு, போகட்டும். உடைச்சவ வந்து குனிஞ்சிட்டா. ஆனா பிப்ரவரியில இந்த அலமாரியிலேருந்து ரெண்டு கிண்ணம் போச்சே, அதுக்கு இனிப்புப் பெட்டி வரலியேம்மா."

அம்மா நிமிரவில்லை.

"ஏங்க, விடுங்களேன்" என்றாள் ஃபுசாயே அத்தை.

"விட்டுத்தானே இருந்தேன். தினம் துடைச்சு வச்ச கிண்ணம். ஒருநாள் காலையில நியூஸ்பேப்பர்ல சுத்தி எடுத்துட்டுப் போனாங்க. ஒரு வார்த்த கேட்டேனா? இது கடையா, இல்ல உங்க வீட்டு அலமாரியா?"

அந்த மனிதர் இவ்வளவு வார்த்தைகளை எங்கே சேர்த்து வைத்திருந்தார்? சொல்லிவிட்டுப் பெட்டியை வாங்கி உள்ளே வைத்தார். மறுபடி முள்ளங்கி.

வீட்டுக்கு வந்தோம். அம்மா கோட்டைக்கூடக் கழற்றாமல் கழுவு தொட்டிக்குக் கீழே கைவிட்டு ஒரு செய்தித்தாள் பொட்டலத்தை எடுத்து மேசைமேல் வைத்தாள். பிளம் பூவும் கொக்கும். எங்களைத் துடைத்தது தைஷோ இல்லை. அந்த ஆளும் இல்லை.

"உன்னை நான் எடுத்துக்கிட்டேன்" என்றாள். "சட்டப்படி மொத்தமா எனக்கு. அந்த மனுஷனுக்கு ஒரு பிடி சோறு பொங்கத் தெரியாது. கடையாவது அவருக்கு இருக்கட்டும்னு சொல்லிட்டேன். வெள்ளிக்கிழமை கூட்டத்துல நாம போய் நின்னா அவர் வரமாட்டார்னு தெரியும். அதான் நம்மளத எடுத்துட்டு வந்தேன்."

"அவர் என்ன சொன்னார்?"

"சரின்னார்."

"என்னைப் பாக்கணும்னு சொல்லலியா?"

"அவளுக்கு வரணும்னா சரின்னார்."

எல்லாவற்றுக்கும் சரி. அந்த மனிதரைத் தட்டினால் சரி சரி என்றுதான் சத்தம் வரும்.

நான் கத்தினேன். என்ன கத்தினேன் என்று எழுத மாட்டேன்.


ஜூலை 6, ஞாயிறு

ஆக, இப்படித்தான் பங்கு பிரித்திருக்கிறார்கள். ஒரு தட்டில் நான். இன்னொரு தட்டில் சுட்ட மீன், சூப், சோறு, ஊறுகாய். தராசு சமமாக நின்றிருக்கிறது. என்னிடம் ஒருத்தரும் கேட்கவில்லை. மீனிடமும் கேட்டிருக்க மாட்டார்கள்.


ஜூலை 7, திங்கள்

நட்சத்திரப் பண்டிகை. பள்ளி வாசலில் மூங்கில் நட்டு, ஆளுக்கொரு சீட்டில் வேண்டுதல் எழுதிக் கட்டச் சொன்னார்கள். எழுதினேன்: 'சிறுமி மாற்றித் தரப்படும். நல்ல நிலையில் உள்ளது. கொஞ்சம் சத்தம் போடும். பதிலுக்கு ராமென் கடையும் ஏற்கப்படும்.'

ஆசிரியர் தனியே கூப்பிட்டு வீட்டில் எல்லாம் சரிதானே என்றார். சரி என்றேன். யாருடைய பிள்ளை நான்!


ஜூலை 11, வெள்ளி

தனியாகப் போனேன். அம்மா வரவில்லை, போகாதே என்றும் சொல்லவில்லை.

மூன்றாவது நாற்காலி காலி. போன வெள்ளியிலிருந்து அவர் வரவேயில்லையாம். போரில் வென்றேன். கடைசியில் கடை என்னுடையது.

கோழி வறுவல் வந்தது. சோறு, வழிப்போக்கர்களுக்கு வைக்கிற வெள்ளைக் கிண்ணத்தில் வந்தது. தைஷோ மீனைத் திருப்பினார். முடிவெட்டும் கடை அக்கா என்னைப் பார்த்துவிட்டு டிவியைப் பார்த்தாள். எல்லோரும் ரொம்ப நல்லவர்களாக இருந்தார்கள். எனக்கு அந்த நல்லதனத்தை எடுத்துக் கல்லில் போட்டு உடைக்க வேண்டும்போல் இருந்தது.

கோண்டாதான் இரண்டு கிளாஸுக்குப் பிறகு தாங்க முடியாமல் தீர்ப்பு சொன்னார். "அது பலிக்காது கொக்கு. பொணம் போறப்ப உடைக்கணும். இவரு நடந்துல்ல போனாரு. அதுவும் இது அவரு வீடு இல்ல, சாப்பாட்டுக்கடை. முறை தெரியாம உடைச்சா வெறும் பீங்கான்தான்."

"அப்ப ஏன் வரல?"

"பலிக்காதுன்னு அவருக்குத் தெரியாதே."

சொல்லிவிட்டு, நேற்று ரயிலடியில் சவாரிக்கு நின்றபோது அவரைப் பார்த்ததாகச் சொன்னார். நடைமேடைக் கடையில், பெட்டியைக் காலுக்கிடையில் வைத்துக்கொண்டு, நின்றபடி நூடுல்ஸ் தின்றுகொண்டிருந்தாராம்.

இங்கே அம்மா குளிர்பதனப் பெட்டி வெளிச்சத்தில் நிற்கிறாள். அங்கே அவர் நடைமேடையில் நிற்கிறார். உட்கார்ந்து சாப்பிடுகிறவள் நான் ஒருத்திதான். வறுவலில் பாதியை மிச்சம் வைத்தேன். என் வாழ்நாளில் முதல் தடவை.


ஜூலை 16, புதன்

தூக்கம் வரவில்லை என்பதால் யோசித்தேன். பழக்கமில்லாத வேலை.

விளக்கு எரிகிறது, வாசம் வருகிறது, சத்தம் கேட்கிறது, துணிகூடத் தொங்குகிறது. இருந்தும் பலகை 'இன்னும் தயாராகிறது' என்று சொன்னால் அந்த மனிதர் மழையில் நிற்பார். கதவைத் தொட மாட்டார். அதை என் கண்ணால் பார்த்துச் சிரித்தேன்.

பிப்ரவரியிலிருந்து நான் எந்தப் பக்கத்தைக் காட்டிக்கொண்டு தொங்கினேன்?

இதனால் அவர் செய்தது நியாயம் ஆகிவிடாது. தட்டிப் பார்க்க வேண்டியது பெரியவர் வேலை. பலகையைக் குழந்தை கையில் கொடுத்துவிட்டு மழையில் நிற்பது என்ன தியாகமா? முட்டாள்தனம். எனக்குக் கோபம் குறையவில்லை. இடம் மாறி உட்கார்ந்திருக்கிறது, அவ்வளவுதான்.

பள்ளி விட்டதும் மலிவு விலைக் கடைக்குப் போனேன். சோற்றுக்கிண்ணங்கள் ஒரு வரிசை முழுக்க. நல்ல நீலத்தில் ஒன்று இருந்தது. எடுக்கவில்லை. அடித்தட்டில் பால்குடி மறந்த குழந்தைகளுக்கான கிண்ணங்கள். இளஞ்சிவப்பு, இரண்டு பக்கமும் கேரட் கடிக்கிற முயல். உலகத்திலேயே அசிங்கமான கிண்ணம். என் கைக்கே சின்னது.

வாங்கிவிட்டேன்.


ஜூலை 18, வெள்ளி

ஃபுசாயே அத்தை முயலைப் பார்த்து, இடுப்பில் கட்டிய சமையல் துணியால் வாயை மூடிக்கொண்டாள். தைஷோ அதை வாங்கி, திருப்பித் திருப்பிப் பார்த்து, கழுவி, துடைத்து, அலமாரியில் நீல அலை இருந்த இடத்தில் வைத்தார். முகத்தில் ஒன்றுமில்லை. சிரிக்காமை இன்னும் உயிரோடுதான் இருக்கிறது.

வெளியே போய்க் கதவுப் பலகையைப் போனில் படம் எடுத்தேன். 'திறந்திருக்கிறது'. அவர் எண்ணுக்கு அனுப்பினேன். ஒரு வார்த்தை சேர்க்கவில்லை. சேர்த்தால் திட்டாகத்தான் வந்திருக்கும்.

பதில் உடனே வந்தது. 'சரி.'

வந்தார். வேலைச் சட்டைதான், ஆனால் தலை வாரியிருந்தது. மூன்றாவது நாற்காலியில் உட்கார்ந்தார். நான் கோடியில் எட்டாவதில். நடுவில் கோண்டாவும் முடிவெட்டும் கடையும், எல்லை காவல் படை மாதிரி, டிவியைப் பார்ப்பதாகப் பாவனை.

மீன் வந்தது. சூப் வந்தது. முயல் வந்தது, தலைக்குமேல் சோற்றோடு.

அவர் முயலைப் பார்த்தார். முயல் அவரைப் பார்த்தது. இரண்டு கையாலும் எடுத்து, இந்தப் பக்கம் உள்ள முயல் தன் பக்கம் வருகிற மாதிரி திருப்பிக்கொண்டு, சாப்பிட்டார். நாலு வாயில் காலி. "இன்னொரு கிண்ணம்" என்றார். மறுபடி நாலு வாய். "இன்னொண்ணு." மறுபடி.

கோண்டாவால் முடியவில்லை. "ஐயா, நல்லா சாப்பிட்டாத்தான் பெரிய ஆளா வளர முடியும்."

முதலில் முடிவெட்டும் கடை அக்கா. பிறகு கடையே. நான் சிரிக்கவில்லை. இருமினேன்.

போகும்போது என் நாற்காலிக்குப் பின்னால் நின்றார். நிற்பது தெரிந்தது. நான் திரும்பவில்லை.

"சிஸுரு" என்றார்.

பிறகு, "அன்னைக்கு கால்ல ஒண்ணும் குத்தலியே?" என்றார்.

"பதினாலு நாள் கழிச்சுக் கேக்குற கேள்வியா இது" என்றேன்.

"ஆமாம்" என்றார். "மன்னிச்சிடு. மொதல்லயே கேட்டிருக்கணும்."

சரி என்று நான் சொல்லவில்லை. அந்த வார்த்தை வேறொருவருக்குச் சொந்தம்.


ஜூலை 19, சனி

நடந்ததை எல்லாம் அம்மாவிடம் சொன்னேன், முயல் உட்பட. கடையை ஒருத்தருக்கு, என்னை ஒருத்தருக்கு என்று பிரித்தது செல்லாது, இரண்டு சொத்திலும் எனக்குப் பங்கு உண்டு, மேல்முறையீடு செய்கிறேன் என்றேன். அம்மா சாமான் கழுவிக்கொண்டே இருந்தாள். நான் கொஞ்சம் கத்தினேன். அவளும் கத்தினாள். உனக்கென்னடி தெரியும், அந்த நாற்காலிக்குப் பக்கத்துல பதினஞ்சு வருஷம் உக்காந்து ஒரு பதிலுக்குக் காத்துக்கிட்டிருந்தவ நான் என்றாள்.

எனக்குத் தெரியாதுதான்.

ராத்திரி மேசையில் பொட்டலம் பிரித்துக் கிடந்தது. கொக்கு மட்டும் கழுவிக் கவிழ்த்து வைத்திருந்தது.


ஜூலை 25, வெள்ளி

விடுமுறை. வெயில் மண்டையைப் பிளக்கிறது. ஏர்கண்டிஷனர் மாட்டுகிறவர்களுக்கு நிற்க நேரமில்லையாம், அப்பா தாமதமாகத்தான் வந்தார். நான் இரண்டாவது நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். எட்டாவதில் காற்று வரவில்லை, அதனால்தான்.

பேச்சு ஒன்றும் பெரிதாக இல்லை. உயர்நிலைப் பள்ளி எது என்று கேட்டார், முப்பத்தெட்டு மதிப்பெண்ணுக்குத் திறந்திருக்கிற பள்ளி என்றேன். அம்மா நாளைக்கு வருகிறாள். கிழமையைப் பிரித்துக்கொண்டோம்: சனிக்கிழமை அவளுடையது, எனக்கு அவளுக்குப் பக்கத்து நாற்காலி. தன் கிண்ணத்தை அவளே பையில் எடுத்து வைத்திருக்கிறாள். இந்தத் தடவை தைஷோவுக்கு ஒரு சின்ன இனிப்புப் பெட்டியும். அதை அப்பாவிடம் சொன்னேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, அப்ப நான் சனிக்கிழமை வீட்டுல சோறு பொங்கிப் பாக்குறேன் என்றார். கோண்டா அடுத்த தெருவில் தீயணைப்பு நிலையம் இருப்பதை நினைவுபடுத்தினார்.

எனக்கு இன்னும் கோபம்தான். ஐந்து மாதக் கோபம் ஒரு முயலோடு தீராது. இதை அவரிடமே சொன்னேன். தலையசைத்தார். சாப்பிட்டுக்கொண்டே, டிவியைப் பார்த்துக்கொண்டே, ஊறுகாய்த் தட்டை என் பக்கம் நகர்த்தினார்.

கோபத்துக்கும் ஊறுகாய்க்கும் சம்பந்தமில்லை. எல்லாவற்றையும் தின்றேன்.